யாருக்குச் செய்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார்கள்

3 ஆகஸ்ட் 2025, ஒரு வாசகரின் கேள்வி

மலேசியாவில் பினாங்கு மாநிலத்தின் பட்டர்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். வயது 26. பக்கத்து ஊரான பிறையில் ஒரு தொழிற்சாலையில் ஐந்து ஆண்டு வேலை பார்த்தேன். மே மாதம் விட்டுவிட்டேன். சோபா, மெத்தை, கம்பளம் கழுவும் சேவையைத் தொடங்கியிருக்கிறேன். இயந்திரம் 3,800 வெள்ளி (ரிங்கிட்). ஊழியர் சேமநிதியில் எப்போதும் எடுக்கலாம் என்கிற மூன்றாவது கணக்கில் இருந்ததை எடுத்தேன், மீதியை அக்காவிடம் கடன் வாங்கினேன். எஸ்எஸ்எம் (மலேசிய நிறுவன ஆணையம்) பதிவும் முடிந்தது. இரண்டு மாதத்தில் விசாரித்தவர்கள் பதினாறு பேர். பதினாறு பேரும் கேட்டது ஒன்றுதான்: "இதற்கு முன்னால் யார் வீட்டில் செய்திருக்கிறீர்கள்?" யார் வீட்டிலும் செய்ததில்லை என்றால் போனை வைத்துவிடுகிறார்கள். முதல் ஐந்து பேருக்கு இலவசமாகச் செய்துவிட்டு அவர்களைச் சான்றாகக் காட்டலாம் என்று நினைக்கிறேன். சரிதானா? அனுபவப்பட்ட அண்ணன்மார் சொல்லுங்கள்.

3 ஆகஸ்ட், இரவு

இலவசமாகச் செய்யாதே தம்பி. நான் செய்து கெட்டவன்.

2017 ஆகஸ்டில் ஏர்கோன் (குளிர்சாதனம்) சர்வீஸ் தொழிலைத் தொடங்கினேன். அதற்கு முன் பதினான்கு ஆண்டு ஒரு நிறுவனத்தில் இதே வேலை. கைக்கு வேலை தெரியும். ஆனால் ஏறி இறங்கிய வீடெல்லாம் முதலாளியின் வாடிக்கையாளர்கள். விலகும்போது அவர்களில் ஒருவரையும் தொட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். ஆகவே பதினான்கு ஆண்டு அனுபவம் இருந்தும் சொல்வதற்கு ஒரு பெயர் இல்லை. உன் கதைதான்.

உறவுக்காரர்கள் ஒன்பது பேர் வீட்டில் காசு வாங்காமல் செய்தேன். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். என் சித்தப்பா பல்லை மட்டுமா பார்த்தார், வாலையும் தூக்கிப் பார்த்தார். ஏணியில் ஏறியதுதான் ஏறினாய், அப்படியே விசிறியையும் துடைத்துவிடு என்றார். அதுகூடப் போகட்டும். ஒன்பது பேரும் என்னைப் பற்றி வெளியே சொல்லத்தான் செய்தார்கள். என்ன சொன்னார்கள் தெரியுமா? "நம் பையன்தான், காசெல்லாம் வாங்க மாட்டான்." அதை நம்பி அழைத்தவர்களிடம் 70 வெள்ளி என்றதும் முகம் தொங்கிப்போனது. சான்று வேண்டும் என்று போய், தவறான சான்றைச் சம்பாதித்துக்கொண்டு வந்தேன்.

5 ஆகஸ்ட்

இலவசம் வேண்டாம் என்றால் வேறு என்னதான் செய்வது என்று கேட்டிருக்கிறாய். என் முதல் வாடிக்கையாளர் கதையைச் சொல்கிறேன், அதில் பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

குளுகோரில் ஓர் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை. என் வேனில் எழுதியிருந்த எண்ணைப் பார்த்து அழைத்தார். வழக்கமான கேள்வி: யார் வீட்டில் செய்திருக்கிறாய்? "தொழில் தொடங்கி இரண்டு மாதம்தான் டீச்சர், பெரிதாகச் சொல்லிக்கொள்ள ஆள் இல்லை" என்றேன். போனை வைத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். கொஞ்சநேரம் சத்தமில்லை. பிறகு கேட்டார்: "சரி, நீ செய்துவிட்டுப் போன பிறகு தண்ணீர் ஒழுகினால் உன்னை எங்கே வந்து தேடுவது?"

இப்படி ஒருவரும் கேட்டதில்லை. எனக்கு அப்போது கடை இல்லை, அலுவலகம் இல்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்: சுங்கை டுவாவில் அம்மா வீடு, இன்ன பிளாட், இன்ன மாடி. "ரசீதின் பின்னால் எழுதிக் கொடு" என்றார். எழுதிக் கொடுத்தேன். இரண்டு ஏர்கோன், 140 வெள்ளி. ஒரு வாரம் ஓடவிட்டுப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள் என்றேன். கடன் வைத்துவிட்டுத் தூங்க மாட்டேன் என்று அப்போதே எண்ணிக் கொடுத்துவிட்டார்.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மதியம் அம்மா வீட்டுக்குச் சாப்பிடப் போகிறேன், வாசலில் ஒரு பழைய கன்சில் கார். உள்ளே டீச்சர் கோப்பி குடித்துக்கொண்டிருக்கிறார். ஏர்கோன் ஒழுகி, சுவர் நனைந்து, புத்தக அலமாரி வரை வந்துவிட்டதாம். எனக்கு உயிரே போய்விட்டது. அம்மாவும் அவரும் அதற்குள் எங்கெங்கோ பேசி, ஒரே ஆண்டில் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் பால்குடம் எடுத்தவர்கள் என்பதுவரை கண்டுபிடித்திருந்தார்கள். அம்மா என்னைப் பார்த்து, "டீச்சர் வீட்டுச் சுவரை நனைத்துவிட்டு இங்கே சோறு கேட்க வந்தாயா?" என்றார். தட்டில் விழவிருந்த மீன் துண்டு சட்டிக்கே திரும்பிப் போனது.

போய்ப் பார்த்தால் என் தவறுதான். கழுவி முடித்து மாட்டும்போது வடிகுழாயின் மூட்டைச் சரியாகச் செருகவில்லை. குளிர்ந்த கம்பிச்சுருளில் வடியும் நீர் தட்டில் விழுந்து குழாய் வழியே வெளியே போக வேண்டும். மூட்டு அரை அங்குலம் விலகியிருந்ததால் சுவருக்குள் போயிருக்கிறது. பத்து நிமிட வேலை. அலமாரியைத் துடைத்து, நனைந்த புத்தகங்களை விசிறிக்கு முன்னால் ஒவ்வொன்றாக விரித்து வைத்துவிட்டு வந்தேன்.

அதன் பிறகு நடந்ததுதான் விஷயம். டீச்சரின் தேவார வகுப்புப் பெண்கள் ஒவ்வொருவராக அழைக்கத் தொடங்கினார்கள். என் வேலை நல்ல வேலை என்று டீச்சர் யாரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வார், சுவர் நனைந்ததே! அவர் சொன்னது இவ்வளவுதான்: "அவனுடைய அம்மாவை எனக்குத் தெரியும்."

உன்னிடம் பதினாறு பேர் கேட்டதும் இதுதான் தம்பி. யாருக்குச் செய்தாய் என்று வாய் கேட்கிறது. கெட்டுப்போனால் உன்னை எங்கே பிடிப்பது என்று மனம் கேட்கிறது. முதல் கேள்விக்கு உன்னிடம் பதில் இல்லை. இரண்டாவதற்கு இருக்கிறது, நீ சொல்லவில்லை.

5 ஆகஸ்ட், சற்று நேரம் கழித்து

"அப்படியானால் வேண்டுமென்றே ஒழுகவிட வேண்டுமா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். செய்து பாருங்கள் ஐயா. உங்கள் அம்மா என்ன சமைத்திருக்கிறார் என்பதையும் முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள்.

9 ஆகஸ்ட்

இணையத்தில் கிடைக்கும் "முன்பு, பின்பு" சோபாப் படங்களைப் போட்டுக்கொள்ளலாம், எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள் என்று பிரிக்பீல்ட்ஸ் அன்பர் ஒருவர் யோசனை சொல்கிறார். எல்லோரும் செய்வது உண்மைதான். அதனால்தான் யாரும் நம்புவதில்லை. ஓர் அம்மா என்னிடமே சொன்னார்: ஒரே சாம்பல் நிறச் சோபாவை மூன்று விளம்பரங்களில் பார்த்தாராம், மூன்று நிறுவனங்களும் அதைக் கழுவியிருக்கின்றனவாம். "அந்தச் சோபா இந்நேரம் கிழிந்திருக்குமே" என்றார்.

நானும் யோக்கியன் இல்லை. கூகுள் வரைபடத்தில் கடைப் பெயரைப் பதிந்தபோது தங்கையிடமும் மைத்துனர்களிடமும் சொல்லி ஆறு பேரை ஐந்து நட்சத்திரம் போடச் சொன்னேன். ஆறும் ஒரே இரவில் வந்தன. ஆறிலும் "மிகச் சிறந்த சேவை". அதில் நான்கு பேருக்கு அப்பா பெயர் ஒன்று! ஆயர் ஈத்தாமில் ஒரு வாடிக்கையாளர் அதைப் படித்துவிட்டு, "உங்கள் குடும்பம் ஒற்றுமையான குடும்பம் போலிருக்கிறது" என்றார். அன்று மாலையே எல்லாவற்றையும் எடுக்கச் சொன்னேன். ஒரு மைத்துனருக்குக் கடவுச்சொல் மறந்துபோனதால் அவருடையது மட்டும் இன்னும் அங்கே இருக்கிறது.

உன் சொந்த வீட்டுச் சோபாவைக் கழுவிப் படம் எடு. "இது என் அம்மாவின் சோபா" என்று எழுதிப் போடு. அந்த வரி ஒன்றே போதும்.

11 ஆகஸ்ட்

விலையைப் பற்றி. குறைத்தால் வருவார்கள் என்று நீ எழுதியிருக்கிறாய். எல்லோரும் 70, 80 வெள்ளி வாங்கிய காலத்தில் நான் 40 வெள்ளி என்று போட்டேன். அழைத்தவர்கள் அத்தனைபேரும் சந்தேகப்பட்டார்கள். 40 என்று சொல்லி உள்ளே வந்து, "ஏர்கோனில் கேஸ் குறைந்திருக்கிறது, இன்னொரு 80" என்று நீட்டுகிற கூட்டம் இங்கே நிறைய. குறைந்த விலையைப் பார்த்ததும் அவர்களுக்கு அந்தக் கூட்டம்தான் நினைவுக்கு வந்தது. 70க்கு ஏற்றி, "இதற்கு மேல் ஒரு காசு கேட்க மாட்டேன்" என்று ரசீதில் எழுதினேன். அதன் பிறகுதான் மூச்சுவிட்டுப் பேசினார்கள்.

கேஸ் பற்றித் தனியாக எழுதுகிறேன், அது வேறு கதை.

17 ஆகஸ்ட்

பெரிய திருத்தம்.

நேற்று பரணைக் குடைந்தபோது பழைய ரசீதுப் புத்தகம் கிடைத்தது. 2017 ஆகஸ்டிலிருந்து 2018 சீனப் புத்தாண்டு வரை, மொத்தம் 31 ரசீதுகள். உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எட்டு ஆண்டுகளாக எல்லோரிடமும் சொல்லிவந்த கதையில் பாதி பொய் என்று தெரிந்தது.

டீச்சரின் ரசீது எண் 14. முதல் வாடிக்கையாளர் அவர் இல்லை! அவருக்கு முன்னால் பதின்மூன்று பேர் காசு கொடுத்திருக்கிறார்கள். "சொல்லிக்கொள்ள ஆள் இல்லை" என்று அவரிடம் நான் சொன்னதும் அப்படிப் பார்த்தால் முழு உண்மை இல்லை. ஆள் இருந்தார்கள். சொல்லிக்கொள்ளும்படியாக இல்லை என்று நானே ஒதுக்கியிருக்கிறேன்.

ரசீது எண் 1: ஜெலுத்தோங் பக்கம் மின்தூக்கி இல்லாத பழைய பிளாட், நான்காவது மாடி. இப்போது எல்லாம் நினைவுக்கு வருகிறது. உதிரிப்பாகம் வாங்கும் கடையில் ஒரு சீனத் தவுக்கே, அதாவது கடை முதலாளி. பழைய நிறுவனத்துக்குச் சாமான் எடுக்கப் பதினான்கு ஆண்டு அவரிடம்தான் போய்வந்தேன். தனியாக வந்த பிறகு மின்தேக்கி ஒன்று வாங்கப் போனவன், நின்றபடி கேட்டேன்: "யாரும் எடுக்க மாட்டேன் என்கிற வேலை ஏதாவது இருக்கிறதா?" வேலை இருக்கிறதா என்று கேட்டிருந்தால் இல்லை என்றிருப்பார். இப்படிக் கேட்டதும் சிரித்துவிட்டார். மேசைக் கண்ணாடிக்கு அடியிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்தார். நான்காவது மாடி, படிக்கட்டு குறுகல், பம்பையும் நீரையும் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும், மூன்று பேர் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள்.

என் முன்னாலேயே அந்த வீட்டுக்காரருக்குப் போன் போட்டு ஹொக்கியன் என்கிற சீன மொழியில் பேசினார். பினாங்கில் பிறந்தவனுக்கு அவ்வளவு ஹொக்கியன் புரியும். கைவேலை எப்படி என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை; அதை அவர் பார்த்ததே இல்லை. அவர் சொன்னது: "இவன் கடன் வைத்துவிட்டு ஓடுகிறவன் இல்லை."

31 ரசீதில் 11 அந்தக் கண்ணாடிக்கு அடியிலிருந்து வந்தவை. டீச்சரும் அவர் வழியாக வந்தவர்களும் 7. டீச்சர் கதையை நூறு பேரிடம் சொல்லியிருக்கிறேன், தவுக்கே கதையை ஒருவரிடமும் சொன்னதில்லை. ஏன் என்று யோசித்துப் பார்த்தேன். டீச்சர் கதையில் அம்மா வருகிறார், மீன் வருகிறது. தவுக்கே கதையில் நான் யாரும் வேண்டாத வேலையைப் போய்க் கேட்கிறேன்.

17 ஆகஸ்ட், இரவு

இன்னொன்றையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன், இல்லாவிட்டால் தூக்கம் வராது. இலவசமாகச் செய்த ஒன்பது உறவுக்காரர்கள் வழியாகக் காசு கொடுத்த வேலை நான்கு வந்திருக்கிறது. நான்கும் பேரம் பேசி 40, 50 வெள்ளிக்கு முடிந்தவை. ஆனாலும் ரசீதில் இருக்கிறது. 180 வெள்ளி செலவில் 2,000 துண்டுப் பிரசுரம் அடித்துத் தபால் பெட்டிகளில் போட்டேனே, அதில் வந்தது ஒன்று. ஒன்பதுக்கு நான்கு, இரண்டாயிரத்துக்கு ஒன்று. சித்தப்பாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் போலிருக்கிறது. தீபாவளிக்குப் பார்க்கும்போது கேட்கிறேன். விசிறியைத் துடைக்கச் சொல்லாமல் இருந்தால்.

24 ஆகஸ்ட்

7, 11, 4, 1 சேர்ந்தால் 23தானே, மீதி எட்டு எங்கே என்று கணக்குப்புலி ஒருவர் கேட்டிருக்கிறார். அது வெள்ளம்.

4 நவம்பர் 2017 சனிக்கிழமை இரவு பெய்த மழையைப் பினாங்கில் இருந்த யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மறுநாள் விடிந்தபோது ஜாலான் பி. ரம்லி பக்கமெல்லாம் வீட்டுக்குள் தண்ணீர். தரை வீடுகளில் ஏர்கோனின் வெளிப்பெட்டியைத் தரைமட்டத்திலேயே வைத்திருப்பார்கள். சேற்றில் பாதி முழுகிக் கிடந்தன. நீர் வடிந்த கையோடு ஆட்கள் மெயின் சுவிட்சைப் போடப் போனார்கள். ஈரம் காயாமல் மின்சாரம் கொடுத்தால் மின்பலகை எரியும், ஆளுக்கும் ஆபத்து. நான் வீடு வீடாகப் போய், போடாதீர்கள், போடாதீர்கள் என்று கத்தினேன். அது காசுக்காக இல்லை, உண்மையாகவே பதறித்தான் கத்தினேன். அடுத்த வாரம் சேற்றைக் கழுவி, தகடுகளுக்கு இடையில் இருந்த களிமண்ணை எடுத்து, காயவைத்துச் சோதித்துக் கொடுக்க 30 வெள்ளி வாங்கினேன். எட்டு வீடு.

வாங்கியது சரியா தவறா என்று இன்றுவரை தெரியவில்லை. ஒருவர் என் முகத்துக்கு நேராகவே, வெள்ளத்தில் மீன்பிடிக்க வந்தாயா என்றார். இன்னொருவர், நான் 30ஐ வாங்க மறுத்தபோது என் சட்டைப்பையில் திணித்தார்.

வெள்ளம்தான் என் தொழிலைத் தூக்கிவிட்டது என்று பலரிடம் சொல்லியிருக்கிறேன். ரசீதைப் பார்த்தால் அதுவும் சரியில்லை. எட்டு வீட்டில் மறுபடி அழைத்தது ஒரே வீடு. அந்த வாரத்தில் யார் வந்தார், யார் போனார் என்று யாருக்கு நினைவிருக்கும்? அந்த வாரத்தையே மறக்கத்தானே பார்ப்பார்கள்.

30 ஆகஸ்ட்

பட்டர்வொர்த் தம்பிக்கு. உனக்குத் தவுக்கே யார் என்று கேட்டிருக்கிறாய். எனக்குச் சோபாவைப் பற்றி உட்காரத்தான் தெரியும். ஆனாலும் யோசித்தேன். கழுவும் மருந்து வாங்கும் கடை. சோபாவுக்குத் துணி மாற்றித் தைக்கிறவர்; கழுவினால் போதும் என்கிற சோபாக்கள் அவரிடம் வரும், அவருக்கு அதில் வேலை இல்லை. அறைகளை வாடகைக்கு விடுகிறவர்கள். ஆள் காலிசெய்த மறுநாள் மெத்தையைப் பார்த்தால் அவர்களுக்கே குமட்டும். இவர்களிடம் போய், யாரும் எடுக்காத வேலை எது என்று கேள். பூனை மூத்திரம் என்பார்கள். எடுத்துக்கொள்.

எஸ்எஸ்எம் பற்றி ஒரு வார்த்தை. கடைப் பெயருக்கு ஆண்டுக்கு 60 வெள்ளி கட்டியிருப்பாய். அந்தச் சான்றிதழைச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டியிருக்கிறாய் என்று எழுதியிருந்தாய். வீட்டில் அதை யார் பார்ப்பார், அக்காவா? நகல் எடுத்துக் கையில் வைத்துக்கொள், கேட்பதற்கு முன்னால் காட்டு. கொண்டோ அடுக்குமாடிகளில் காவலரே கேட்பார், வேன் எண்ணையும் எழுதிக்கொள்வார். அதை அவமானமாக எடுத்துக்கொள்ளாதே. உன்னைப் பிடிக்க ஒரு வழி இருக்கிறது என்று வீட்டுக்காரருக்குக் காட்டுகிற வேலையை அவர் உனக்காகச் செய்கிறார்.

இன்னொரு யோசனை. ஒரே ஓர் இருக்கையை மட்டும் 20 வெள்ளிக்குக் கழுவிக் காட்டு. பக்கத்து இருக்கையோடு அவர்களே ஒப்பிட்டுப் பார்க்கட்டும். நான் கழுவும்போது அழுக்கு நீரை வாளியில் பிடித்துக் காட்டுவேன். வேலைக்கு முன்னும் பின்னும் ஏர்கோனின் வாயில் வெப்பமானியை வைத்து வீட்டுக்காரரையே எண்ணைப் படிக்கச் சொல்வேன். அவர் கண்ணே பார்த்துவிட்டால் ஊரான் சான்று எதற்கு?

2 செப்டம்பர்

கிள்ளானில் சோபா தைக்கும் அக்கா ஒருவர் எனக்குத் தெரியாத விஷயத்தை எழுதியிருக்கிறார், அதை இங்கே சேர்த்துவிடுகிறேன். இருக்கைக்கு அடியில் சின்னத் துணிச் சீட்டு இருக்குமாம். அதில் டபிள்யூ என்றிருந்தால் நீரால் கழுவலாம். எஸ் என்றால் நீர் கூடாது, கரைப்பான் மட்டும். எக்ஸ் என்றால் தூசி உறிஞ்சுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். சீட்டைப் பார்க்காமல் நீரைத் தெளித்தால் வளையம் வளையமாகக் கறை நிற்கும், பிறகு போகவே போகாது. "முதல் வாடிக்கையாளர் கிடைப்பதைவிட முதல் வாடிக்கையாளரின் சோபாவைக் கெடுக்காமல் இருப்பது முக்கியம் தம்பி" என்கிறார். கேட்டுக்கொள். சீட்டை வீட்டுக்காரர் முன்னாலேயே புரட்டிப் பார். எக்ஸ் என்றிருந்தால் வேலையை விட்டுவிட்டு வா. அந்த வீட்டில் உனக்கு ஒரு பெயர் கிடைத்திருக்கும்.

13 செப்டம்பர்

கேஸ் கதையை எழுதுகிறேன் என்று சொல்லி ஒரு மாதம் ஆகிறது.

லிட்டில் இந்தியா பக்கம் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடை. முதலாளிக்கு ஆண்டுக்கொரு முறை கேஸ் நிரப்பிப் பழக்கம், காருக்கு எண்ணெய் மாற்றுவதுபோல. ஏர்கோனில் கேஸ் தீர்ந்துபோகிற பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. குறைந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். வெளிப்பெட்டியின் குழாய் மூட்டில் சோப்பு நுரையைப் பூசினேன். கொப்புளம் கொப்புளமாக வந்தது. அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். கழற்றி, குழாயின் வாயைப் புதிதாக விரித்து முடுக்கி, வெற்றிடமாக்கி, சரியான எடையில் கேஸ் ஏற்றினேன். ஐந்து ஆண்டு ஏமாந்தேனே என்று கல்லாவில் உட்கார்ந்தபடியே தலையில் அடித்துக்கொண்டார்.

அடுத்த ஆண்டு அவரிடமிருந்து அழைப்பு இல்லை. அதற்கடுத்த ஆண்டும் இல்லை. ஏன் அழைப்பார்? கேஸ்தான் குறையவில்லையே! நாணயமாக இருந்து நானே என் வயிற்றில் அடித்துக்கொண்டேன் என்று நினைத்தேன். பிறகு பார்த்தால் அவருடைய மைத்துனர், சம்பந்தி, மசாலை கொண்டுவந்து போடுகிறவர் என்று வரிசையாக அழைத்தார்கள். இது எல்லாம் மூன்றாம் ஆண்டில். முதல் ஆறு மாதத்தைத் தாண்ட இது உதவாது. அரிசி வாங்க வேண்டியது அந்த ஆறு மாதத்தில்.

14 செப்டம்பர்

தம்பி ஓர் இருக்கையைக் கழுவிக் காட்டிவிட்டான். சுங்கை பூயுவில் ஒரு வீடு. முன்கூட்டியே விலை பேசாமல், கழுவி முடித்த பிறகு, மற்ற ஐந்துக்கும் 130 வெள்ளி என்றிருக்கிறான். அந்த வீட்டு அம்மா கொதித்துப்போய், "ஒன்றை மட்டும் வெளுக்க வைத்துவிட்டு மற்றதை அசிங்கமாக விட்டுப் போகிறாயே, இது மிரட்டல் இல்லையா?" என்று கேட்டாராம்.

அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. யோசனை சொன்னவன் நான், குற்றமும் என்னுடையது. வாளியில் அழுக்கைக் காட்டினால் வாளியைக் கொட்டிவிடலாம். வெளுத்த இருக்கையை என்ன செய்வது? முழுச் சோபாவுக்கும் விலையை முதலில் சொல், "ஒன்றைக் கழுவுகிறேன், பிடிக்காவிட்டால் 20 வெள்ளியோடு நிறுத்திக்கொள்ளலாம்" என்று எழுதிக் கொடு, பிறகு நீரைத் தொடு. கண்ணில் படுகிற இருக்கை வேண்டாம், பின்பக்கம் போதும்.

கடைசியில் அந்த அம்மா 100 வெள்ளிக்கு முழுவதையும் கழுவச் சொல்லியிருக்கிறார். அவனுடைய ரசீது எண் 1 அது. திட்டு வாங்கிய ரசீது. பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன், எட்டு ஆண்டு கழித்து நினைவு வேறு கதை சொல்லும்.

21 செப்டம்பர்

ஒரு வாரம் கழித்துக் காசு வாங்கினாயே, யாரும் உன்னை ஏமாற்றவில்லையா என்று கேட்டவருக்கு: பன்னிரண்டு பேருக்கு அப்படிச் செய்தேன். இரண்டு பேர் கொடுக்கவில்லை. ஒருவர் எண்ணையே மாற்றிவிட்டார். இன்னொருவர் இன்னும் வெளியூரிலிருந்து திரும்பவில்லை, 2017இல் போனவர். 140 வெள்ளி போனது. துண்டுப் பிரசுரத்துக்கு 180 போனதே, அதற்கு இது மேல். ஆனால் தம்பி, உனக்கு அக்கா கடன் இருக்கிறது. பாதியை அன்றே வாங்கு.

12 அக்டோபர்

தீபாவளிக்கு எட்டு நாள். அம்மா வீட்டுச் சோபாவைக் கழுவத் தம்பியையே வரச் சொன்னேன். பாலம் தாண்டி வந்தான். விலையை முதலில் சொன்னான், 120. பேரம் பேசவில்லை, வாய் துறுதுறுத்தது, அடக்கிக்கொண்டேன். சீட்டைப் புரட்டி டபிள்யூ என்று அம்மாவிடம் காட்டினான். அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். கழுவிய நீர் தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்) நிறத்தில் வந்தது. அம்மாவுக்கு வெட்கம், போன மாதம்தான் துடைத்தேன் என்று மூன்று முறை சொன்னார். போகும்போது தரையில் ஈரக் கால்தடம். அதைச் சொன்னதும் திரும்பி வந்து துடைத்தான்.

இந்த மாதம் இதுவரை ஒன்பது வேலையாம். ஐந்து துணி தைக்கிறவர் அனுப்பியவை, இரண்டு பூனை. சுங்கை பூயு அம்மா தன் தங்கை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார், திட்டிக்கொண்டேதான்.

காசை வாங்கிக்கொண்டு படியிறங்கப் போனவனை அம்மா நிறுத்தினார். ஆறு மணிக்குள் காயாவிட்டால் யாரைக் கூப்பிடுவது என்றார். ரசீதில் என் எண் இருக்கிறது அம்மா என்றான். அது எனக்குத் தெரியும் என்று சொல்லி, ரசீதைப் புரட்டிப் பின்பக்கத்தை அவன் முன் வைத்து, பேனாவை நீட்டினார்.

"உன் அம்மா எண்ணை எழுது."